விஜயராணியின் விசிறிக் கணக்கு

விஜயராணி என்ன படித்தாள் என்பதைத் திருப்பூர் மண்ணரை லைன் வீட்டில் யாராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "பிளாஸ்டிக் படிச்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாளியும் மக்கும் செய்யப் படிப்பு எதற்கு என்பது அவர்கள் சந்தேகம். அவள் அம்மா மூக்கம்மாளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

புருஷன் வேறொருத்தியோடு போனதும், அவனைத் தேடி அலையாமல், ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு விளாத்திகுளத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறியவள் மூக்கம்மாள். பல்லடம் சாலையில் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மகள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பாள்.

"இத ஏம்மா கழிச்சுப் போடுதாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குட்டப் பஞ்சு தாயி. ஒண்ண ஒண்ணு புடிக்காது. இழுத்தா வழுக்கிட்டுப் போயிரும்" என்றாள் மூக்கம்மாள்.

பத்து வருஷம் கழித்து, சென்னையில் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில், ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு அதையே சொன்னார். நைலானோடு பொடிப்பொடியான கண்ணாடி நாரைக் கலந்தால் அது இறுகும். ஆனால் பாரம் நேரடியாக நாருக்குப் போவதில்லை. சுற்றியிருக்கிற நைலான்தான் நாரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பாரத்தைக் கைமாற்றிக் கொடுக்கிறது. நார் போதிய நீளம் இல்லாவிட்டால் பாரத்தை முழுதாக வாங்கும் முன்பே வழுக்கிவிடும். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது விஜயராணி மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஆசிரியர் எழுப்பி நிற்க வைத்தார்.

அன்றிலிருந்து அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருளுக்குள் நார் எவ்வளவு இருக்கிறது, என்ன நீளம், எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால், அது எவ்வளவு வளையும், எங்கே அழுத்தம் சேரும், எங்கே கிழியும் என்பதைத் தாளிலேயே சொல்லிவிடலாம். நார் படுத்திருக்கிற திசையில் இழுத்தால் இரும்பு மாதிரி நிற்கும். குறுக்கே இழுத்தால் பாதிகூடத் தாங்காது. இவ்வளவு அழகான விஷயம் பனியன் ஊரில் யாருக்கும் தேவைப்படாது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

படித்துவிட்டு வந்து எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் ஓவர்லாக் தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். கடைசியில் மணியன் எடுத்துக்கொண்டார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். மண்ணரையின் ஓரத்தில் ஷெட் போட்டு, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற மோல்டிங் மிஷின் நான்கு வைத்து, நூல் சுற்றும் கோனும் துணி மாட்டும் ஹேங்கரும் அடித்துக்கொண்டிருந்தார்.

"படிச்ச புள்ளைங்க யாரு கண்ணு எங்க ஷெட்டுக்கு வர்றாங்க? நீ வந்ததே எங்களுக்குப் பெருமைங்க" என்றார். அந்த வார்த்தையை அவள் அம்மாவிடம் அப்படியே போய்ச் சொன்னாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. மணியன் வீட்டு விசேஷத்துக்குக்கூடக் கூப்பிட்டார்கள்.

2004இல் மணியனின் மகன் அருண்குமார் கோவையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தான். ஹேங்கரில் என்ன இருக்கிறது என்றான். துணியை நீராவியில் தேய்த்து மட்டப்படுத்துகிற காலண்டரிங் மிஷின்கள் ஊரெங்கும் பெருகிக்கொண்டிருந்தன. மிஷினிலிருந்து சூடாக வெளிவருகிற துணியை ஆறவைக்க வாய்ப்பக்கத்தில் ஒரு விசிறி உண்டு. அதன் இலைகள் அலுமினியத்தில் இருந்தன. கண்ணாடி நார் கலந்த நைலானில் அடித்துக் கொடுத்தால் கனம் குறையும், நீராவி அரிக்காது, சத்தம் இருக்காது. அருண்குமார் சொன்னது எல்லாமே சரிதான். விஜயராணிக்கு அன்று இருந்த சந்தோஷம் அவனுக்குக்கூட இருந்திருக்காது.

மோல்டு வந்தது. ஒரு விசிறிக்கு ஆறு இலை. ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு துளை. அதில் போல்ட் போட்டு நடுவிலுள்ள இரும்புத் தட்டில் மாட்ட வேண்டும். உருகிய நைலான் உள்ளே நுழைகிற வாயை இலையின் நுனியில் வைத்திருந்தார்கள். அங்கே வைத்தால் வெட்டி எடுப்பது சுலபம்.

முதல் இலை கைக்கு வந்த அன்றே அவள் அடிப்பகுதியை அறுத்து மின்னுலையில் வைத்தாள். நைலான் எரிந்து போய், கண்ணாடி நார் மட்டும் வெள்ளைச் சாம்பல்போல் மிச்சம் இருந்தது. துணியில் இழை எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தாள். நுனியிலிருந்து ஓடிவந்த நைலான், துளைக்காக நிற்கிற கம்பியில் மோதி இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் மறுபடி கூடியிருந்தது. கூடிய இடத்தில் இந்தப் பக்கத்து நார் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. இரண்டு கூட்டமும் கோட்டை ஒட்டி நீளவாக்கில் படுத்துக்கிடந்தன. விசிறி சுற்றும்போது இலை வெளியே பறக்கப் பார்க்கும். போல்ட் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுப்பு முழுக்க விழுவது, துளைக்குப் பின்னாலுள்ள அந்தக் கோட்டின் மேல்தான். அங்கே குறுக்கே பிடிக்க நார் இல்லை. வெறும் நைலான்.

"வாயை நுனியிலேர்ந்து எடுத்துப் பக்கவாட்டுல வைக்கோணுங்க" என்று அருண்குமாரிடம் சொன்னாள். "இல்லீன்னா அடிப்பக்கம் பொளந்துக்குங்க."

"ஏனுங்க, இருநூறு கிராம் இலை. இதுல என்னங்க பொளக்கறதுக்கு?"

"நிக்கறப்பதாங்க இருநூறு கிராம். சுத்தறப்ப ஒவ்வொரு இலையும் தொண்ணூறு கிலோ இழுக்குதுங்க."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரிங்க. முதல் லாட் அறுபது விசிறி போகட்டும். அடுத்த மோல்டுல மாத்திக்கலாங்க."

வாங்குகிறவர்கள் வலிமைச் சான்று கேட்டார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. அதே நைலானில் ஒரு சின்னக் கோல் வார்த்து இழுத்துப் பார்க்க வேண்டும். கோலில் நார் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். அதனால் நன்றாகவே தாங்கும். தாங்கியது. அருண்குமார் தாளை நீட்டினான்.

"இது கோலோட வலுங்க. இலையோடது இல்லீங்க" என்றாள்.

"தாள்ல என்னங்க போட்டிருக்குது? கோலுன்னுதான போட்டிருக்குது? நீங்க இழுத்துப் பாத்தீங்களா இல்லீங்களா?"

"பாத்தனுங்க."

"அப்புறமென்னங்க? இதுல ஒரு எழுத்துப் பொய்யிருந்தாச் சொல்லுங்க."

ஒரு எழுத்தும் பொய் இல்லை. பக்கத்தில் மணியன் நின்றுகொண்டிருந்தார். "போடு கண்ணு, லாரி நிக்குது" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குப் போடாமல் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் பிற்பாடு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாள். வேலை போயிருக்கும். வேறு யாராவது போட்டிருப்பார்கள். விசிறி போயிருக்கும். எப்படி யோசித்தாலும் கடைசியில் கை மட்டும் அவளுடையதாகவே இருந்தது.

2005 ஜனவரியில் விசிறிகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த மோல்டு வரவில்லை. கேட்டபோதெல்லாம் "பாக்கலாங்க" என்றான் அருண்குமார்.

விஜயராணி சும்மா இருக்கவில்லை. பழைய தையல் மிஷின் மோட்டார் ஒன்றை வாங்கி, அதில் ஒரு கோணல் சக்கரம் மாட்டி, இலையின் அடித்துண்டுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துவிடுகிற மாதிரி ஒரு சாதனம் செய்தாள். காலண்டரிங் ஷெட்டில் எப்போதும் நீராவி. நைலான் ஈரம் குடித்தால் தளர்ந்துபோகும். அதனால் துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து மாட்டினாள். எத்தனை இழுப்புக்கு உடைகிறது என்று எண்ணி, ஒரு நோட்டில் கோடு வரைந்தாள். மிஷின் ஒரு நாளைக்கு எத்தனை முறை நின்று ஓடும் என்று விசாரித்துக் கணக்கில் சேர்த்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியும் கையெழுத்தும் போட்டாள். படித்த இடத்தில் பழக்கிவிட்ட ஒழுங்கு அது. ஆகஸ்டில் கணக்கு முடிந்தது. முதல் இலை ஒன்பதிலிருந்து பதினோரு மாதத்துக்குள் உடையும்.

நோட்டை மணியனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் புரட்டினார்.

"இதெல்லாம் எனக்கு எங்க கண்ணு வெளங்குது? அருண்கிட்டச் சொல்லீட்டியா?"

"சொல்லீட்டனுங்க. எல்லா விசிறியையும் திருப்பி வாங்கோணுங்க."

அவர் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். "இப்பத்தான் நாலு பேரு நம்மளத் தேடி வர்றாங்க. நீயே கெடுத்துப்போடாத சாமி" என்றார். குரலில் கோபமே இல்லை.

அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. விஜயராணி பக்கத்தில் அந்த விசிறி மாட்டியிருந்த ஒரு காலண்டரிங் யூனிட்டுக்குத் தானே போனாள். மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் அந்தோணிராஜ். சாத்தான்குளத்துக்காரன், முப்பது வயதிருக்கும். விசிறியை நிறுத்தச் சொல்லி, இலைகளின் அடியில் சாயத்தைத் தடவித் துடைத்துப் பார்த்தாள். மூன்றாவது இலையில், துளைக்குப் பின்னால், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசலில் சாயம் சிவப்புக் கோடாகத் தங்கியிருந்தது.

"அண்ணே, இந்த விசிறிக்கு நேரா நிக்காதிய" என்றாள். பேச்சு தானாகவே ஊர்ப் பேச்சாக வந்துவிட்டது.

"நம்ம பக்கமா தங்கச்சி நீ?" என்று அவன் முகம் மலர்ந்தான். "துணி அங்கனதான வெளிய வருது? நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

"இது ஒடஞ்சிரும்ணே. சொல்லுதேன்லா. மொதலாளிகிட்டச் சொல்லி மாத்தச் சொல்லுங்க."

அவன் சூப்பர்வைசரிடம் சொன்னான். சூப்பர்வைசர் அருண்குமாருக்கு போன் போட்டார். "அந்தப் பொண்ணுக்கு எதுக்கெடுத்தாலும் பயமுங்க. நாங்க டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் குடுத்திருக்கறமல்லங்க" என்றான் அருண்குமார். மறுநாள் விஜயராணியைக் கூப்பிட்டு, இனிமேல் கஸ்டமர் இடத்துக்குப் போகவே கூடாது என்று மரியாதையாகச் சொன்னான். அந்தோணிராஜ் மனைவியிடமும் இதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லியிருந்தான். அவள் பெயர் ஜோதிகா. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

விஜயராணி வந்து போன பதினோராவது நாள் காலை பத்தேகால் மணிக்கு மூன்றாவது இலை பிளந்தது. போல்ட் தட்டிலேயே இருந்தது. இலை மட்டும் போய்விட்டது. அந்தோணிராஜ் துணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். இடது காதுக்குக் கீழே பட்டது. துணி அதன்பிறகும் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், மிஷினை யாரும் நிறுத்தாததால் முப்பது மீட்டருக்கு மேல் வீணாகிவிட்டதாகவும் சூப்பர்வைசர் பின்னால் சாட்சி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் மதியம் போலீஸ் ஷெட்டுக்கு வந்தது. அருண்குமார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். விஜயராணி கையெழுத்துப் போட்ட சான்றிதழை எடுத்துக் கொடுத்தான். பிறகு அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த நோட்டையும் எடுத்துக் கொடுத்தான். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தான் முன்பே எச்சரித்ததற்குச் சான்றாகத்தான் கொடுக்கிறான் என்று அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"டெக்னிக்கல் விஷயம் பூரா இவங்கதாங்க பாத்துக்கறாங்க. எங்களுக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க" என்றான்.

குற்றப்பத்திரிகையில் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. மணியனும் அருண்குமாரும் சாட்சிகள். வழக்கு இரண்டரை வருஷம் நடந்தது. லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூக்கம்மாளை மில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நீ சொன்னேன்னு சொல்லுத. அதக் கேட்டவன் ஒருத்தனாவது இருக்கானா? ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்திருக்கப்படாதா?" என்று மூக்கம்மாள் தினமும் கேட்டாள். விஜயராணி எழுதிக் கொடுத்திருக்கவில்லை. வாயால்தான் சொல்லியிருந்தாள்.

நீதிமன்றத்தில் அவள் வக்கீல் மணியனைக் கேட்டார், இந்த நோட்டை இவர் உங்களிடம் காட்டினாரா என்று. மணியன் அவளைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது. "இல்லீங்க. அந்தப் புள்ள எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க" என்றார்.

ஜோதிகாவைக் கூப்பிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு கூண்டில் ஏறினாள். "இந்த அக்கா வந்து சொல்லிச்சின்னு அவிய சொன்னாவ. ஒடையும்னு சொல்லிச்சாம். சிரிச்சிக்கிட்டே சொன்னாவ" என்றாள். சூப்பர்வைசர் தான் போட்ட போனை மறைத்துவிட்டதால், விஜயராணி எச்சரித்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அரசு வக்கீல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆபத்து இருப்பது முதலிலேயே தெரியும் என்பதற்கு அவருக்கும் அதுதான் சாட்சி.

பிறகு நிபுணர் வந்தார். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். நோட்டை ஆறு வாரம் வைத்துப் படித்திருந்தார். கூண்டில் நின்று ஒன்றரை மணி நேரம் பேசினார். நார் எப்படிப் படுத்திருக்கும் என்று விஜயராணி வரைந்த படத்தைத் தன் ஆய்வகத்தில் அறுத்துச் சரிபார்த்ததாகவும், அது அச்சு அசலாக அப்படியே இருந்ததாகவும் சொன்னார். தளர்ச்சிக்கு இவர் எடுத்துக்கொண்ட ஈரக் கணக்கு, தன் மாணவர்கள் யாரும் யோசிக்காதது என்றார். தையல் மிஷின் மோட்டாரில் இவ்வளவு நுட்பமான சோதனையைச் செய்திருப்பது தனக்கு வியப்பாக இருக்கிறது என்றார். நீதிபதி குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

விஜயராணி குற்றவாளிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படித்து முடித்த ஏழு வருஷத்தில், அவள் செய்ததைப் புரிந்துகொண்டு ஒருவர் பேசுவது அதுதான் முதல் தடவை. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கன்னம் சூடானது. அந்தச் சந்தோஷம் வந்ததற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. எதிர் பெஞ்சில் ஜோதிகா குழந்தைக்கு பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியானால் கணக்கு சரி என்கிறீர்களா?" என்றார் அரசு வக்கீல்.

"மிகச் சரி. ஒன்பதிலிருந்து பதினோரு மாதம் என்று எழுதியிருக்கிறார். ஒன்பது மாதமும் இருபத்து நான்கு நாளும் ஓடியிருக்கிறது."

"இலை உடையும் என்பது எதிரியான இவருக்கு முன்கூட்டியே தெரியும்?"

பேராசிரியர் அப்போதுதான் தயங்கினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

ஓராண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் ஆறு மாதமாகக் குறைந்தது. தீர்ப்பில் அவள் நோட்டிலிருந்து நான்கு பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவள் கோவைச் சிறையில் இருந்தபோது மணியன் ஷெட்டில் புது மோல்டு வந்தது. அவள் வரைந்து காட்டியிருந்தபடி வாயைப் பக்கவாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கம்பெனி பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். அந்த இலைகள் பிறகு உடையவே இல்லை. நன்றாகவே விற்றன.

வெளியே வந்தவளை, 2009இல், அவிநாசி சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு எடுத்தார்கள். என்ன படிப்பு என்று கேட்டதற்கு எட்டாவது என்றாள். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்கிற வேலை. ஒன்பது நாள் ஒழுங்காகப் போனது. பத்தாவது நாள் எதிர் மேஜைக்குப் புது ஆளாக ஜோதிகா வந்து நின்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோதிகா சத்தம் போடவில்லை. கையிலிருந்த பனியனை மேஜையில் வைத்துவிட்டு நெருங்கி வந்தாள்.

"அக்கா, எம்புட்டு நாள்ல ஒடையும்னு கணக்குப் போட்டியே" என்றாள். "அன்னைக்கு அவியளக் கையப் புடிச்சி வெளிய இழுத்துட்டு வந்திருக்கலாம்லா? வரலைன்னா செருப்பக் கழத்தி அடிச்சாவது இழுத்துட்டு வந்திருக்கலாம்லா?"

கேட்டது விஜயராணிக்கு நியாயமாகவே பட்டது. சூப்பர்வைசர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். ஜோதிகா நான்கு வரியில் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் விஜயராணியை அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஜோதிகாதான் அதைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த மாதமே தாயும் மகளும் தாராபுரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சின்ன வெங்காயம் உரித்துத் தரம் பிரிக்கிற கிடங்கில் இருவருக்கும் வேலை. விஜயராணி அதிகம் பேசுவதில்லை. மூக்கம்மாள்தான் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள். மகள் படித்தவளா என்று யாராவது கேட்டால், "இல்லம்மா, அதுக்குப் படிப்பு ஏறல" என்பாள்.